எறும்பு வந்த வாஷ்பேசின்

தனியாகத் தொழில் நடத்துகிறவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் பொய் 'நாங்கள்' என்பதுதான். "நாங்கள் செய்து தருகிறோம்", "எங்கள் டீமிடம் கேட்டுச் சொல்கிறேன்", "எங்கள் டிசைன் பிரிவு பார்த்துக்கொள்ளும்." என் டிசைன் பிரிவு நான்தான். சிமெண்ட் மூட்டை தூக்கும் பிரிவும் நான்தான். 'டீம் சாப்பிடப் போயிருக்கிறது' என்று நான் போனில் சொன்னால், அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

என் தொழில் காங்கிரீட். வீடு கட்டுகிற காங்கிரீட் இல்லை. வாஷ்பேசின், மேஜைப் பலகை, பூந்தொட்டி என்று அச்சில் வார்த்து, தேய்த்து, மெருகேற்றி விற்பது. கொச்சியில், காக்கநாட்டு ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்கு கோடவுனின் பின்பாதியை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்திருந்தேன். (நான் வார்த்த முதல் பத்துப் பேசினிலும் சுக்கு வாசனை வந்தது. இயற்கை நறுமணம் என்று சொல்லி விற்றேன்.)

எங்கள் அத்தாவுக்கு அதே ஊரில், பிராட்வேயில் துணிக்கடை. பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ் ராவுத்தர் குடும்பம் எங்களுடையது. மகள் ஏசி அறையில் கம்ப்யூட்டர் தட்டுகிறாள் என்று சொல்லிக்கொள்வதில் அத்தாவுக்கு இருந்த சந்தோஷத்தை நான் ஒரே நாளில் குழைத்துப் பூசிவிட்டேன்.

"சிமெண்ட் குழைக்கறதுக்கா மோளே உன்ன இஞ்சினீயரிங் படிக்க வச்சேன்?" என்று கொஞ்ச நாள் கேட்டார். பிறகு கேள்வியை விட்டுவிட்டுக் கெடு வைத்தார். பக்ரீத் வரைக்கும் பார்ப்பது. அதற்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி ஓர் ஆர்டர் வரவில்லையென்றால், மறுபேச்சில்லாமல் காக்கநாடு. என் பழைய மேனேஜர் வேறு 'சீட் காலியாகத்தான் இருக்கிறது' என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தார். நானும் வீராப்பாகச் சரி என்றுவிட்டேன்.

பக்ரீத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆலீஸ் மேடம் கூப்பிட்டார். ஃபோர்ட் கொச்சியில் ஒரு பழைய பங்களாவை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். அறைக்கு ஒரு பேசின், வரவேற்பறைக்கு நீளமான ஒரு மேஜை, எல்லாம் காங்கிரீட்டில் வேண்டும். எனக்குக் காதுக்குள் நாதஸ்வரம் கேட்டது.

"நிங்ஙளுடெ டீமில் எத்ர பேருண்டு?" என்றார். "ஒராள் மாத்ரமெங்கில் எனிக்கு வேண்டா. ஆ ஆளுக்குப் பனி வந்தா என்டெ ஹோட்டல் நிக்கும்."

ஒரே ஆள் என்றால் வேண்டாம், அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் ஹோட்டல் வேலை நின்றுபோகும் என்கிறார். நியாயமான பேச்சு. நானும் நியாயமாக, "எட்டுப் பேர் மேடம்" என்றேன்.

"நல்லது. நாளெ வந்நு காணாம்" என்று வைத்துவிட்டார்.

ஒரே ராத்திரியில் ஏழு பேரை எங்கே பிடிப்பது? என் லாத்தாவின், அதாவது அக்காவின், வீட்டுக்காரர் ஹனீபா மச்சானிடம் ஓடினேன். மச்சானுக்கு எங்கள் தெருமுனையில் சாயாக்கடை. சாயாவைவிட அங்கே பேர் பெற்றது குலுக்கி சர்பத். எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, கசகசா, கீறிய பச்சை மிளகாய் எல்லாம் போட்டு, மூடிய குவளையைக் காதோரம் வைத்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கிக் கொடுப்பார்கள்.

"இதுக்கா முகத்த இப்பிடி வச்சிருக்க?" என்றார் மச்சான். "என்னையும் சேத்து கடையில ஆறு பேருண்டு. காலைல ஒரு மணிக்கூர் எடுத்துக்கோ. கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுக்கறதில்லையா, அதுமாதிரி."

ஆறு, நான் ஏழு. எட்டாவதுக்கு அத்தாவிடம் போனேன். திட்டு விழும் என்று நினைத்தேன். ஆனால் அத்தா வியாபாரி. மகள் தோற்கலாம், ஆனால் வாங்க வருகிறவர் முன்னால் ஒரு கடை காலியாகக் கிடப்பதை அவரால் பார்க்க முடியாது.

"பொய் பேசமாட்டேன். சும்மா நிப்பேன்" என்றார்.

"போதும் அத்தா. நீங்கதான் க்யூ.சி. தரக் கட்டுப்பாடு."

மறுநாள் காலை என் டீமுக்கு நான் கொடுத்த பயிற்சி இதுதான்: யார் எங்கே நிற்க வேண்டும், யார் தொப்பி போட வேண்டும், யாரும் வெறுங்கையோடு நிற்கக்கூடாது. காங்கிரீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு நான் கற்றதையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டால், நாளைக்கே ஹனீபா மச்சான் எனக்குப் போட்டியாகப் பேசின் வார்க்க ஆரம்பித்துவிடுவார் என்பதுபோல் ஓர் எண்ணம். (இத்தனைக்கும் மச்சானுக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது.)

அன்றைக்குப் பார்த்துக் குழாயில் காற்றுதான் வந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மச்சான் போனார், கொஞ்ச நேரத்தில் குட்டி வண்டியில் ஒரு பெரிய நீல டிரம்மோடு வந்து இறங்கினார். நிறையத் தண்ணீர்.

"டிரம் கழுவினதா மச்சான்?"

"பின்னே? கழுவாம கொண்டுவருவேனா?"

அதில் முன்பு என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆலீஸ் மேடம் வெள்ளைக் காட்டன் புடவையில், கையில் குடையோடு வந்தார். உள்ளே எட்டுப் பேர் எட்டுத் திசையில் சுறுசுறுப்பாக எதையோ செய்துகொண்டிருந்தோம். ஒருவர் காலி மூட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். இன்னொருவர் ஏற்கெனவே வழவழப்பாக இருந்த ஒரு பூந்தொட்டியைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டை போடும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டார். அத்தா கழுத்தில் துணிக்கடை டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். மேடம் தன் பக்கம் பார்த்ததும் அத்தா பழக்க தோஷத்தில் ஒரு பேசின் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தடவி, "நல்ல கனம். சாயம் போகாது" என்றார்.

மேடம் தலையாட்டினார். "ஒரு பேசின் இப்போ செய்து காணிக்காமோ?"

காட்டினோம். மச்சானின் டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றி நான் கலவை போட்டேன். அச்சில் ஊற்றிய பிறகு அதைக் குலுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே காற்றுக் குமிழி தங்கி, பேசினுக்கு அம்மைத் தழும்பு விழும். மச்சான் கடையில் சர்பத் குலுக்குகிற சலீமிக்கா, யாரும் சொல்லாமலே முன்னால் வந்து, அச்சுப் பலகையின் இரண்டு காதுகளையும் பிடித்தார். பதினைந்து வருடம் குலுக்கிய கை. குமிழிகள் மேலே வந்து வெடித்துக்கொண்டே இருந்தன. என் வாழ்நாளில் அப்படி ஒரு வார்ப்பை நான் பார்த்ததில்லை. மேடம் சலீமிக்காவை வாயைப் பிளந்து பார்த்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் நஸீமா இல்லையே. "நாளைக்குக் காலைல வாங்க மேடம். உங்க முன்னாடியே அச்சைப் பிரிக்கிறேன்" என்றேன். மூளையுள்ள யாரும் முதலில் தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளரைக் கூப்பிடுவார்கள்.

மறுநாளும் எட்டுப் பேரும் ஆஜர். இப்போது அவர்களுக்கே நாடகம் பிடித்துப்போயிருந்தது. மேஜையில் இருந்த அச்சின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தியிருந்தது. திறப்பு விழா மாதிரி மேடம் முன்னால்தான் எடுப்பேன் என்று யாரையும் தொடவிடவில்லை. அத்தா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மோளே, எறும்பு வருது."

"எறும்பு எங்கதான் வராது அத்தா?"

"வரிசையா வருது. அந்த மேசைக்குத்தான் போவுது. கல்லுக்கு எறும்பு வருமா?"

"அத்தா, நீங்க க்யூ.சி. வேஷம் போட்டது நேத்தோட முடிஞ்சது. தயவுசெஞ்சு சும்மா நில்லுங்க."

அத்தா சும்மா நின்றார்.

மேடம் வந்தார். நான் ஷீட்டை உருவினேன். பக்கப் பலகையின் திருகுகளைக் கழற்றினேன். "இதோ மேடம், உங்க ஹோட்டலோட முதல் பேசின்!" என்று பலகையை இழுத்தேன்.

கிளறி இறக்கிய கேசரி எப்படிச் சரியுமோ அப்படிச் சரிந்தது என் காங்கிரீட். அவசரப்படவில்லை. முதலில் மேஜை, பிறகு மேஜை விளிம்பு, பிறகு ஆலீஸ் மேடத்தின் புடவை, கடைசியில் அவருடைய இரண்டு பாதங்கள். (கேசரியிலாவது முந்திரி இருந்திருக்கும்.)

"சிமெண்ட் பழசா இருக்கும்" என்று நான் முனகினேன்.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மச்சான் பாய்ந்து வந்தார். "அதே மேடம், சிமெண்டுதான் மோசம். வெள்ளம் நல்ல வெள்ளமாணு!" என்று டிரம்மில் ஒரு டம்ளரை முக்கி எடுத்துக் கடகடவென்று குடித்துக் காட்டினார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "நோக்கிக்கே!" என்று இன்னொரு டம்ளர் முக்கி மேடத்திடம் நீட்டினார்.

மேடம் ஒரு வாய் குடித்தார். யோசித்தார். "மதுரம் உண்டல்லோ. நாரங்ஙா கூடி உண்டோ?" இனிக்கிறதே, எலுமிச்சையும் இருக்கிறதா என்கிறார்.

"உண்டு மேடம்!" மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம பாகு டிரம்மல்லே. எத்ர கழுகியாலும் ஏலக்காய் மணம் போவில்ல."

மேடம் கண்ணாடியைச் சரிசெய்து அவரை உற்றுப் பார்த்தார். "நிங்ஙள் ஆ சர்பத் கடயிலெ ஆளல்லே?"

"அதே! மேடம் 'முளகு வேண்டா'ன்னு பறயுந்ந ஆளல்லே?"

முடிந்தது. மேடம் குடை நுனியால் ஒவ்வொருவராகச் சுட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். "சர்பத்", "சாயா", "பாத்திரம் கழுகல்" என்று ஒவ்வொருவரும் உண்மையைச் சொன்னார்கள். அத்தா, "துணிக்கடை, பிராட்வே" என்றார். கடைசியில் குடை என்னிடம் வந்து நின்றது.

"நான் ஒருத்திதான் மேடம் இதுல நிஜம்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பேர் எனக்காக வந்து நிற்க, அவர்களை வைத்தே ஒரு பெரிய மனுஷியின் காலில் சேற்றைக் கொட்டிவிட்டேனே என்று அவமானத்தில் உடம்பு எரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கம் வேறு சொன்னேன். சிமெண்டுக்குச் சர்க்கரை ஆகாது, கொஞ்சம் கலந்தாலும் இறுகவே இறுகாது, இது எனக்கு முதல் வருஷமே தெரியும் என்று.

"இவரோடு அது பறஞ்ஞோ?" என்றார் மேடம், டீமைக் காட்டி.

இவர்களிடம் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"பறஞ்ஞிருந்நெங்கில் ஞான் அந்த டிரம் எடுக்குமோ?" என்று மச்சான் நியாயமாகவே கோபித்துக்கொண்டார்.

மேடத்தின் கால் கழுவத் தண்ணீர் வேண்டும். இருந்தது அந்த டிரம் தண்ணீர்தான். மச்சான் அதையே ஊற்றினார். காங்கிரீட் போய்ப் பிசுபிசுப்பு வந்தது. மேடம், செருப்பு தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிய, வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஒரு பேசின். ஒந்நு மாத்ரம். குழாய் வெள்ளத்தில். அது கொள்ளாமெங்கில் பாக்கி நோக்காம்." அது 'கொள்ளாம்', அதாவது நன்றாக இருக்கிறது என்றால், மீதியைப் பார்க்கலாமாம். பிறகு சலீமிக்காவைக் காட்டி, "ஆ குலுக்குந்ந ஆளெ விட்டுகளயண்டா" என்றார்.

அவரை விட்டுவிடாதே என்கிறார். மச்சானின் முகம் அப்போதே சுருங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் அத்தா காக்கநாட்டுப் பேச்சை எடுப்பார் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு பேசின்னாலும் ஆர்டர்தானே?" என்றார்.

"சாம்பிள் அத்தா. ஆர்டர் இல்ல."

"எங்கிட்ட மட்டும் எடுத்தவுடனே ஒரு கட்டுத் துணியா வாங்குறாங்க? மொதல்ல ஒரு மீட்டர்தான் வாங்குவாங்க. நீ தண்ணிய மட்டும் பாத்துக்க." பக்ரீத் வந்தது, போனது. கெடுவைப் பற்றி அவர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

பேசின் கொள்ளாம் ஆனது. பிறகு மீதியும் வந்தது, மேஜையும் வந்தது. சலீமிக்கா என்னுடைய முதல் நிஜமான ஆள். அவர் வந்த அன்றே எனக்குத் தெரிந்ததையெல்லாம் மதியம் வரை ஒப்பித்தேன். பாவம், சாப்பிட விடவில்லை. இன்றைக்கு என் பட்டறையில் எட்டுப் பேர் இருக்கிறோம், யாருக்கும் இன்னொரு கடை கிடையாது. 'என் குலுக்கலைத் திருடியவள்' என்று மச்சான் இன்னமும் என்னை விருந்தாளிகளுக்கு அறிமுகப்படுத்துகிறார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சம்பளத்துக்கு முன்னால் சர்க்கரையைப் பற்றித்தான் சொல்கிறோம். பட்டறைக்குள் எல்லோருக்கும் சர்க்கரை இல்லாத சாயாதான். வீட்டு விசேஷங்களில் பாயசம் பரிமாறும்போது என் இலையருகே வந்ததும் லாத்தா, "அவளுக்கு ஊத்தாதீங்க, அப்புறம் இறுகமாட்டா" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள்.

அத்தா தினமும் கடை அடைத்துவிட்டு வரும் வழியில் பட்டறையில் நுழைகிறார். கழுத்தில் அதே டேப். அனுப்பத் தயாராக இருக்கும் சரக்கை அவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. முட்டி வலியோடு குனிந்து, மேஜைக் கால்களைச் சுற்றித் தரையை மட்டும் பார்க்கிறார். நாங்கள் எட்டுப் பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். லாரிக்காரர் ஹார்ன் அடித்தாலும் அசையமாட்டோம்.

"எறும்பு இல்ல மோளே" என்பார் நிமிர்ந்து. "கொடுத்துரு."