ஐந்து பெட்டியில் முடிந்த பாலம்

சர்க்கார் வேலை ஏன் முடிவதில்லை என்ற கேள்விக்கு உலகத்திலேயே முதன்முதலாக விடை கண்டுபிடித்தவர் எங்கள் ஊர் மராமத்து ஆபீசர் வேதாசலம். வருஷம் 1928. கண்டுபிடித்த இடம், ஆம்பூர் ரோட்டில் வாஹித் பாஷா சாயபுவின் தோல் ஷாப்பு. நாற்றம் தாங்காமல் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டுதான் கண்டுபிடித்தார்.

"ஏன் சாயபு, தோலைத் தொட்டி தொட்டியா மாத்திக்கிட்டே இருக்கீங்க?"

"ஒரே தொட்டியில கெடந்தா அழுகிடும் சார். சுண்ணாம்புத் தொட்டியிலேருந்து எடுத்து அடுத்தது, அப்பால ஆவாரம்பட்டைத் தொட்டி. கடைசித் தொட்டி தாண்டுச்சுன்னா சரக்கு தயார். ஆனா ஒவ்வொரு தொட்டிகிட்டயும் ஆளுங்க இன்னா வேலை செய்யறாங்கன்னா..."

அதைக் கேட்க ஆபீசர் அங்கே இல்லை. நாற்றம் அவரை ரோட்டுக்கே தள்ளிவிட்டது.

மறுநாள் ஆபீசில் ஐந்து மரப்பெட்டிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. யோசனை, பரிசீலனை, ஏற்பாடு, நடவடிக்கை, பூர்த்தி. தினம் காலை பத்து மணிக்கு டவாலிச் சேவகன் தனகோடி மணி அடித்து, ஒவ்வொரு பெட்டியிலுள்ள காகிதத்தையும் அடுத்த பெட்டிக்கு மாற்ற வேண்டும். இரண்டு நாள் ஒரே பெட்டியில் கிடக்கும் காகிதம் அழுகிவிடும் என்று உத்தரவிலேயே கண்டிருந்தது.

முதலில் விழுந்தது கெங்கம்மாளின் மனு. தோல் ஷாப்பு வாசலில் கூழ் விற்கிறவள். வீடோ கானாற்றுக்கு இந்தக் கரையில். பாலத்தைப் போன வருஷத்து வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மழை பிடித்தால் பானையோடு அக்கரை போக முடியாது, வீட்டில் உலை வைக்கவும் முடியாது. மனு எழுதியவன் நான்தான். 'ஆபீசர் சமூகத்தின் மேலான சித்தத்துக்கு' என்று தொடங்கி மூன்று பக்கம்.

ஐந்தாம் நாள் மனு பூர்த்தியில் விழுந்தது. ஆறாம் நாள் கெங்கம்மாள் வறண்ட கானாற்றைத் தாண்டி, அக்கரை ஆபீசில் ஆபீசர் முன்னால் போய் நின்றாள்.

"பாலம் எங்க சாமி?"

"முடிஞ்சிடுச்சு."

"கண்ணுல காணமே?"

"நீ பார்க்க வேண்டியது பெட்டியை. ஆத்தைப் போய் ஏன் பார்க்கறே?"

"அப்ப ரிப்பேருன்னு இன்னொரு மனு குடுக்கட்டா?"

"முடிஞ்சு ஒரு நாள் ஆன பாலத்துக்கு ரிப்பேரா! சர்க்கார் சொத்துக்கு அவதூறு சொல்றியா நீ?"

ஊர்ப் பெரிய மனுஷர்கள் ஐம்பது பேர் கூடி யோசித்தோம். பாலம் இருக்கிற இடத்தில் புதுப்பாலம் கேட்க முடியாது. ஆகவே முதலில் அதை இடிக்க வேண்டும். 'மேற்படி பாலம் பொதுஜனங்களுக்குப் பெரும் இடைஞ்சலாக இருப்பதால்' என்று நானே எழுதினேன். ஐந்தாம் நாள் பாலம் ஒரு கல் மிச்சமில்லாமல் இடிக்கப்பட்டதாகச் சர்டிபிகேட் வந்தது. வாஹித் பாஷா எல்லாருக்கும் பூந்தி கொடுத்தார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கானாறு புரண்டு ஓடியது. கெங்கம்மாள் கரையில் நின்று எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏன்யா, இல்லாத பாலத்தை இடிக்க அம்பது பேரு வந்தீங்களே, போடறதுக்கு நாலு பேரு கெடைக்கலியா?"

நாங்கள் மூன்றாவது மனுவில் மும்முரமாக இருந்தோம். வேலைக்குப் போக முடியாமல் இக்கரையில் நின்ற ஷாப்புக்காரப் பையன்கள் நாலு பேரை அவளே பிடித்தாள். காற்றில் சாய்ந்து கிடந்த இரண்டு பனைமரத்தை உருட்டி, கரைக்குக் கரை போட்டு, மண்ணும் மட்டையும் கொட்டி மிதித்தார்கள். பானையில் கூழ் புளிப்பு ஏறுவதற்குள் வேலை முடிந்தது.

வேட்டி நனையாமல், ஐம்பது பேரும் வரிசையாக அதன் மேல் நடந்து, பாலம் கேட்டு மனு கொடுக்கப் போனோம்.

ஆபீசர் எங்கள் காலைப் பார்த்தார். "இவ்வளவு வெள்ளத்துல எப்படி வந்தீங்க?"

"பாலத்து மேலதான் சார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நாலு பெட்டியையும் தொடாமல் மனுவை நேராகப் பூர்த்தியில் போட்டார். "ஒரே நாள்ல! மேலிடத்துக்கு எழுதணும். நிர்மாணித்தவர்கள்னு எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

முதல் கையெழுத்து அவருடையது. அடுத்தது என்னுடையது. ஐம்பது பேரும் போட்டு முடித்தோம்.

"கெங்கம்மா பேரு?" என்று தனகோடி கேட்டான்.

காகிதத்தைப் புரட்டிப் பார்த்தோம். இடமில்லை.