பதினாறால் வகுபடாத மாப்பிள்ளை

பெங்களூரில் காதலித்துக் கெட்டுப்போனவர்கள் ஏராளம். ஆனால் ஓர் எண்ணைக் காதலித்தவன், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே என் நண்பன் 'மீதி' ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஜோகுபாளையத்தில் நானும் அவனும் ஒரே அறையில் குடியிருந்தோம். அவனுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எந்த எண்ணைப் பார்த்தாலும் வகுத்து மீதி சொல்லிவிடுவான். அதனால்தான் 'மீதி' என்று பட்டப்பெயர். ஒருநாள் அல்சூர் சிக்னலில் கான்ஸ்டபிள் எங்கள் ஸ்கூட்டரை மறித்து நம்பர் கேட்டார்.

"பகா எண் சார், எதாலயும் வகுபடாது."

"அதுக்கு பர்மிட் இருக்கா?" என்றார் அவர்.

பின்சீட்டில் இருந்த எனக்கு யார் பக்கம் பேசுவதென்றே தெரியவில்லை.

அவன் மனதைப் பறிகொடுத்த எண் 360360. "மச்சான், ஒண்ணுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் எதால வேணா வகுத்துப் பாரு, மீதியே வராது. இதைவிடச் சின்ன நம்பர் எதுக்கும் இந்தக் குணம் கெடையாது!" என்று பல் தேய்த்தபடியே சொல்வான். எனக்கு ஏழாம் வாய்ப்பாடே தகராறு. தலையை மட்டும் ஆட்டி வைப்பேன்.

முப்பதைத் தாண்டியும் அவனுக்குப் பெண் அமையவில்லை. கடைசியில் பிரேசர் டவுனிலிருந்து ஒரு வரன் வந்தது. கலா என்று பெயர். போட்டோவைப் பார்த்த அன்று முழுக்க அவன் எதையும் வகுக்கவில்லை. அவ்வளவு பிடித்துவிட்டது.

கலாவின் அப்பா எண் ஜோதிடப் பித்தர். பஸ் நம்பரைக் கூட்டி எட்டு வந்தால் ஏறாமல் நடந்தே போகிறவர். "வாயைத் தொறக்காதடா" என்று கெஞ்சித்தான் இவனை அழைத்துப்போனேன்.

கேசரி வந்தது. "மாப்ளே, உங்க லக்கி நம்பர் ஏனு?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார்.

"மூணு லட்சத்து அறுபதாயிரத்து முந்நூத்து அறுபது சார்!"

விரல்விட்டுக் கூட்டினார். பதினெட்டு, ஒன்றும் எட்டும் ஒன்பது. "சூப்பரப்பா! தட்டு மாத்திக்கலாம்."

அத்தோடு நாங்கள் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் இவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. "ஒரே ஒரு குறை சார். பதினாறால வகுத்தா எட்டு மீதி நிக்கும்."

அவர் கையிலிருந்த ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. "பதினாறு பேறும் கெடைக்கணும்னுதானே கல்யாணத்துல வாழ்த்துறோம்? அங்க போயி எட்டா? பேடா சாமி, இந்தச் சம்பந்தமே வேணாம்!"

நாங்கள் பெண் பார்க்க வந்தோமா, பரீட்சை எழுத வந்தோமா? மீதியின் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அப்போது கதவோரம் நின்ற கலா வாய் திறந்தாள். "அப்பா, ஸ்வல்ப இருங்க. நானும் அதே நம்பரை வெச்சுக்கறேன். ரெண்டையும் சேருங்க. அவர்கிட்ட எட்டு மீதி, என்கிட்ட எட்டு மீதி. எட்டும் எட்டும் பதினாறு. அப்புறம் மீதி ஏது?"

மீதி கண்ணை மூடினான். "ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்து இருபது... பதினாறால சுத்தமா வகுபடுது சார்!"

"அப்போ எட்டு போயிடுச்சா?" என்று அவர் என்னைக் கேட்டார். என்னைப் போய்! "போயே போச்சு சார்" என்று அடித்துச் சொன்னேன். தாம்பூலத் தட்டு வந்தது.

கல்யாணமாகி ஜீவனஹள்ளிக்குக் குடிபோனார்கள். இப்போதும் பெரிய எண் ஏதாவது கண்ணில் பட்டால் அவனுக்குப் போன் போடுகிறேன். அவன் விளக்குவது ஒன்றும் இதுவரை என் மண்டையில் ஏறியதில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்காவிட்டால் எனக்குப் பொழுது போகமாட்டேன் என்கிறது.