ரோதமுனியின் இரண்டாவது தும்மல்

பேய் இருக்கிறதா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள், பிள்ளைகளே. எனக்குத் தெரியாது. ஆனால் பேயைத் தேடிப் போகிறவன் எப்படி இருப்பான் என்று கேட்டால் நன்றாகச் சொல்வேன். உடம்பெல்லாம் ரொட்டி மாவு, தலையில் பழைய தேயிலைத் தூசி, காலில் ஒற்றைச் செருப்பு. அப்படித்தான் இருப்பான். அவனை நான் கண்ணாடியில் நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அம்மா இந்தக் கதையை ஒரு விதமாகச் சொல்வார். லோகேஸ் மாமா இன்னொரு விதமாகச் சொல்வார் (அதில் அவர்தான் கதாநாயகன், நம்பாதீர்கள்). நடந்தது நடந்தபடி உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நானே எழுதிவைக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாத்தளை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணியும் பைப்பும் விற்றுக்கொண்டிருந்தேன். படிப்பு சாதாரண தரப் பரீட்சை வரைக்கும். அதற்குமேல் என்னைப் படிக்கவைக்கப் பள்ளிக்கூடத்துக்கும் ஆசையில்லை, எனக்கும் ஆசையில்லை. கையில் ஒரு புது போன் இருந்தது. அதில் வெள்ளைக்காரர்கள் பாழடைந்த மாளிகைகளில் பேய் தேடுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, நானும் லோகேசும் சேர்ந்து ஒரு மர்ம ஆராய்ச்சிக் குழுவை ஆரம்பித்துவிட்டோம். குழுவில் மொத்தமே நாங்கள் இரண்டு பேர்தான். நான் தலைவர், அவன் ஒளிப்பதிவாளர்.

வெள்ளைக்காரர்களிடம் பளிச் பளிச்சென்று எரியும் கருவிகள் இருந்தன. என்னிடம் கடையில் எடுத்த டெஸ்டர் இருந்தது. கரண்ட் இருக்கிறதா என்று பிளக்கில் குத்திப் பார்ப்போமே, அதே டெஸ்டர்தான். பேய்க்கு உடம்பில் கரண்ட் உண்டு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அப்படியானால் டெஸ்டர் எரிந்துதானே ஆகவேண்டும்? (இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு பெருமை.)

முதல் ஆராய்ச்சி நாவுலப் பக்கம். பஸ் ஹோல்ட்டில் வெள்ளையாக ஒன்று ஆடுகிறது என்றார்கள். அதைப் பார்த்ததும் நாங்கள் ஓடிய ஓட்டத்தில் லோகேசுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. மறுநாள் போய்ப் பார்த்தால், வேலியில் மாட்டிய உரச் சாக்கு. இரண்டாவது லக்கலவில். காடு வெட்டிப் பயிரிட்ட சேனைக்குமேல் ஒரு நெருப்புக் கண் அலைகிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். அது யானைக் காவலுக்கு நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஐயா. அவர் சிங்களத்தில் எங்களைத் திட்டியதில் பாதி எனக்கு அன்றுதான் புதிதாகத் தெரிந்த சொற்கள். அதன்பிறகு பகலில் வருகிற பேய்களை மட்டுமே ஆராய்வது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

பகல் பேய் ஒன்று நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்திலேயே இருந்தது.

மேல் லயத்து வீடுகளுக்குமேலே பழைய தேயிலை பெக்டரி இருக்கிறதல்லவா? நீங்கள் பார்க்கும்போது கூரை போய்விட்டது. அப்போது கூரையும் இருந்தது, கதவும் இருந்தது, பூட்டும் இருந்தது. மெஷின்கள் ஓடுவதுதான் நின்றுபோய்ப் பல வருடம். அந்தப் பூட்டிய பெக்டரிக்குள்ளே வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் சல்லடை மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். கடகட, கடகட என்று. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கொழுந்து எடுக்கிற பெண்கள் பயந்துபோய்க் குறுக்குப் பாதையையே விட்டுவிட்டார்கள்.

பெக்டரிச் சாவி கண்ணையா மாமாவிடம் இருந்தது. உங்கள் தாத்தாதான். பெக்டரி ஓடிய காலத்தில் அவர் பெரிய ரோதைக்குப் பக்கத்தில் வேலை செய்தவர். ரோதை என்றால் மெஷின்களை எல்லாம் ஓட்டுகிற சக்கரம். அந்தச் சக்கரத்தைக் காக்கிற சாமி ரோதமுனி. சக்கரத்தின் காலடியில் குங்குமம் பூசிய கல்லாக இருப்பார். பெக்டரி மூடிய பிறகும் மாமா வெள்ளிக்கிழமை காலையில் போய், சாமிக்கு வாழைப்பழம் வைத்து, சூடம் காட்டிவிட்டு, பூட்டிக்கொண்டு வருவார். சத்தத்தைப் பற்றிக் கேட்டால், "அது சாமியோட சோலி. ஒனக்கென்னா?" என்பார்.

இனி முக்கியமான விசயம். கண்ணையா மாமாவுக்கு ஒரு மகள். பெயர் புஷ்பா. (வெட்கப்படாதீர்கள், அது உங்கள் அம்மாதான்.) எனக்கும் புஷ்பாவுக்கும் பிடித்துப்போய், என் அம்மா முறைப்படி பெண் கேட்டுப் போயிருந்தார். மாமா கொடுத்த பதில் இதுதான்:

"குடும்பம் நல்ல குடும்பம். ஆனா பய பேய் புடிக்கப் போறானாமே? சாமிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

இதைக் கேட்டு ஒரு புத்திசாலி என்ன செய்வான்? பேய் பிடிக்கிற வேலையை விட்டுவிடுவான். நான் என்ன செய்தேன்? மாமாவின் பெக்டரியிலேயே அந்த மர்மத்தைக் கண்டுபிடித்து, வீடியோ ஆதாரத்தோடு அவர் முன்னால் போய் நின்றால், "மாப்பிள்ளைன்னா இவன்தான்" என்று அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று நம்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்ததும், பெக்டரிக்குப் பின்பக்கத்து உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினேன். சாமி இருக்கிற இடம் என்பதால் செருப்பை ஜன்னலுக்கு வெளியே கழற்றிவைத்தேன். வார் அறுந்து, ஊக்கு குத்திய நீலச் செருப்பு. தோட்டம் முழுக்க அதைப் பார்த்தாலே என் பெயரைச் சொல்லும். லோகேஸ் வெளியே கொய்யா மரத்தில் ஏறி, போனோடு காவல். யாராவது வந்தால் விசிலடிக்க வேண்டும்.

உள்ளே போய் முதலில் ரோதமுனியைக் கும்பிட்டேன். "மன்னிச்சுக்கங்க சாமி, ஆராய்ச்சி" என்றேன். பிறகு, பேயின் காலடித் தடம் பதிவதற்காக, அம்மாவின் ரொட்டி மாவைத் தரையில் தூவினேன். (அந்த மாவுக்கு அன்று இரவு எனக்குக் கிடைத்த பூசையைத் தனியாக எழுதலாம்.) கடைசியில் சல்லடை மெஷினுக்கு அடியில் போனேன். வளைந்து கொடுக்கிற மரக் கால்களின்மேல் பெரிய தட்டுகள் நிற்கும். அடியில் தூள் விழுகிற மரப்பெட்டி. அதற்குள் என்னை நானே மடித்துவைத்துக்கொண்டு, டெஸ்டரை நீட்டிப் பிடித்தபடி காத்திருந்தேன்.

டெஸ்டர் எரியவில்லை. ஆனால் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. பேய் சாவியோடு வருகிறது!

வந்தது கண்ணையா மாமா. பின்னால் அத்தை. உங்களுக்கு அம்மாயி.

காலையில் வந்து போனவர் மறுபடியும் ஏன் வந்தார்? இந்த லோகேஸ் ஏன் விசிலடிக்கவில்லை? (வாய் நிறையக் கொய்யாப்பழம் இருந்தது என்று பிறகு விளக்கம் தந்தான்.)

"என்னாடி இது, தரையெல்லாம் வெள்ளையா கெடக்கு?" என்றார் மாமா.

"செவுத்துச் சுண்ணாம்பு உதிர்ந்திருக்குங்க," என்ற அத்தை, என் காலடித் தடத்தின்மேல் போய் நின்றுகொண்டார். "சீக்கிரம் கேளுங்க. இடிச்ச மொளக அப்படியே போட்டுட்டு வந்திருக்கேன்."

மாமா சூடம் ஏற்றினார். கையைக் கூப்பினார்.

"சாமி, இத்தன வருசமா ஒன் ரோதையத் தொடச்சு எண்ணெ போட்டவன் நான். ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப கேக்குறேன். கீழ் லயத்து சுதாகரு நம்ம புள்ளையக் கேக்குறான்."

பெட்டிக்குள் என் நெஞ்சு அடித்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும் என்றே நினைத்தேன்.

"நல்ல பயதான். குடி கெடையாது. ஆனா கிறுக்கு."

"கிறுக்குன்னு சொல்லாதீங்க. வெளையாட்டுப் புத்தி."

"ஒரச் சாக்கப் பாத்துட்டு ஓடுன பயல வேற என்னான்னு சொல்றது? சாமிகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லணும். சாமி, குடுக்கலாம்னா ஒரு நல்ல சகுனம் காட்டு. வேணாம்னா அதையும் காட்டிப்புடு."

என் மூளை அன்றைக்கு ஒரே ஒரு தடவை வேகமாக வேலை செய்தது. பல்லி கத்தினால் நல்ல சகுனம். நான் பல்லி மாதிரி நன்றாகக் கத்துவேன். உதட்டைக் குவித்து, ஆழமாக மூச்சை இழுத்தேன்.

மூச்சோடு உள்ளே போனது எத்தனையோ வருடத்துத் தேயிலைத் தூசி.

"ஹச்ச்!"

பெக்டரியே அதிர்ந்தது.

நம்மாட்களுக்கு இரட்டைத் தும்மல் நல்லது, ஒற்றைத் தும்மல் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். வேலைக்குப் புறப்படும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் நாங்கள். என் கல்யாணத்துக்கு நானே ஒற்றைத் தும்மல் போட்டுவிட்டேன்!

"ஒத்தத் தும்மல்," என்றார் மாமா மெல்ல. "சாமியே தும்மி வேணாம்னுட்டாரு. வாடி போவோம்."

"இருங்க. ரெண்டாவது வருதான்னு பாப்போம்."

எனக்கு இன்னொரு தும்மல் வேண்டும். ஒன்றே ஒன்று. மூக்கைத் தேய்த்தேன். மூக்கு முடியைப் பிடுங்கினேன். உடம்பில் ஒட்டியிருந்த மாவை விரலால் அள்ளி உறிஞ்சினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, விக்கல் வந்தது, தும்மல் மட்டும் வரவில்லை. மாமா சாவியை எடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் வாயாலேயே, "ஹச்சு" என்றேன்.

மாமா நின்றார். "என்னாடி, சாமி நடிக்குது?"

அந்த நேரம்தான் பெக்டரிப் பேய் வந்தது. கூட்டமாக வந்தது, குட்டிகளோடு வந்தது. கூரை ஓட்டை வழியாக இறங்கிய குரங்குகள் நேராகச் சாமியின் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு சல்லடைத் தட்டுகளின்மேல் ஏறி உட்கார்ந்தன. மரக் கால்கள் வளைந்து கொடுக்க, ஊஞ்சல் மாதிரி ஆட்டம் ஆரம்பமானது. கடகட, கடகட!

மர்மம் தீர்ந்தது. ஆனால் மர்மத்துக்கு நேர் அடியில் நான் இருந்தேன். தட்டுகளில் இருந்த தூசி முழுக்க என் தலையில் கொட்டியது. இப்போது வந்தது பாருங்கள் தும்மல்! ஒன்றன்மேல் ஒன்றாக, மூச்சுவிடக்கூட இடமில்லாமல். பெட்டியின் பக்கப் பலகை பெயர்ந்து, நான் மாவும் தூளுமாக மாமாவின் காலடியில் உருண்டு விழுந்தேன். குரங்குகள் வீரிட்டுக்கொண்டு ஓடின. மாமா, "ரோதமுனி! அப்பனே!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

விழுந்தவர் எழுவதற்குள் ஜன்னலில் லோகேசின் தலை தெரிந்தது.

"டேய் சுதாகரு! பேய் மாட்டிருச்சாடா?"

மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சாமியை யாரோ சுதாகர் என்று கூப்பிடுகிறார்களே என்று யோசித்தார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மாமா, குரங்குதான் மாமா! சத்தம் போடுறது குரங்கு! கண்டுபுடிச்சிட்டேன்!"

"நானும் ஒரு கொரங்கக் கண்டுபுடிச்சிட்டேன்டா. சாமி முன்னுக்குப் பொய்த் தும்மலா தும்முற?"

"மொதத் தும்மல் நெசம் மாமா!"

"அந்த நெசமான தும்மல்தான்டா ஒனக்குப் புள்ள இல்லன்னு சொல்லிச்சு!"

தலையைக் குனிந்துகொண்டேன். புஷ்பாவிடம் போய் என்ன சொல்வேன், "நீ எனக்குக் கிடைக்காமல் போனது குரங்கால் அல்ல, மூக்கால்" என்றா? உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. மாவில் கண்ணீர் பட்டு முகமெல்லாம் பசையாகிவிட்டது.

அப்போது அத்தை, "அய்ய, ஒங்க மொகமெல்லாம் தூசிங்க," என்று முந்தானையால் மாமாவின் முகத்தைத் துடைத்துவிட்டார். நெற்றியைத் துடைத்தார், கன்னத்தைத் துடைத்தார். மூக்கைக் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தார்.

"ஹச்ச்!" மாமா தும்மினார்.

மாமாவின் மூக்கு மறுபடியும் துடித்தது. அவருக்கே விசயம் புரிந்துவிட்டது. மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது. கண் பிதுங்கியது.

"அடக்காதீங்க! சாமி குத்தமாயிரும்!" என்று கத்தினார் அத்தை.

"ஹச்ச்ச்ச்சூ!"

அப்படியொரு அழகான தும்மலை நான் அதற்குமுன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சூடமே அணைந்துவிட்டது.

மாமா மறுபடியும் சூடத்தை ஏற்றி ரோதமுனியைக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "தைக்குள்ள நாள் பாக்கச் சொல்லு ஒங்கம்மாவ. மொதல்ல குளி."

லோகேஸ் எடுத்த ஆதார வீடியோவில் கொய்யா இலையும் அவனுடைய கட்டைவிரலும் தெளிவாக இருந்தன. குழு அன்றோடு கலைந்தது. குரங்குதான் என்று லயத்துக்கு லயம் போய்ச் சொன்னேன். பெண்கள் மறுபடியும் குறுக்குப் பாதையில் போக ஆரம்பித்தார்கள். மாமா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "கொரங்கக் கூட்டியாந்தது யாரு? அதக் கண்டுபுடிடா பாப்போம்" என்பார்.

ஜன்னலுக்கு வெளியே விட்ட செருப்பில் ஒன்றைக் காணவில்லை. குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். உங்கள் அக்கா பிறந்த பிறகு ஒருநாள், மிளகு இடித்துக்கொண்டே அத்தை சொன்னார்:

"ஊக்கு குத்துன செருப்பா? அத நான்தான் உள்ள வர்றதுக்கு முந்தியே காலால செடிப் பத்தைக்குள்ள தள்ளிவிட்டேன். மாமா கண்ணுல பட்டுடக் கூடாதில்ல? மத்தது காலுக்கு எட்டல." பிறகு மிளகுத் தூள் அப்பிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல என்னைப் பார்த்தார். அந்த முந்தானையைப் பார்த்ததும் எனக்கு மாமாவின் மூக்கு ஞாபகம் வந்தது.

ஆகவே பிள்ளைகளே, நம் வீட்டில் தாத்தா ஒற்றைத் தும்மல் போட்டால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அம்மாயியைப் பார்ப்பதும், அம்மாயி முந்தானையை உதறிக்கொண்டு மெதுவாக எழுந்திருப்பதும், உங்கள் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடுவதும் இதனால்தான். தாத்தா மட்டும் ஒவ்வொரு தடவையும், "என்னாங்கடி சிரிப்பு? இருங்க, ரெண்டாவது வருது" என்பார்.

வந்துவிடும். அவர் சாமியின் வேலை என்கிறார். நான் ஆராய்ச்சி செய்வதை விட்டுவிட்டேன்.