செண்பகத்துக்கு எட்டு வருஷம்

செத்தால் தன் வீட்டு ஹாலில்தான் சாவது என்று ராயப்பன் தீர்மானம் எடுத்தது, கொரட்டூரில் உலகநாதனை லிஃப்டில் இறக்கிய நாளில்.

உலகநாதன் ஆவடியில் அவரோடு முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவர். நாலாவது மாடி ஃப்ளாட்டில் உயிர் போனது. படிக்கட்டு குறுகல். லிஃப்டில் படுத்தவருக்கு இடமில்லை. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் சுற்றிக் கட்டி, ஒரு பக்கம் மகனும் ஒரு பக்கம் ராயப்பனும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது மாடியில் லிஃப்ட் நின்று கதவு திறந்தது. காய்கறிப் பையோடு நின்ற அம்மாள் உள்ளே பார்த்தாள். “நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்” என்றாள்.

அன்று திருநின்றவூர் திரும்பிய ராயப்பன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கண்ணாலேயே அளந்தார். ஹால். ஹாலுக்கு நேரே கதவு. கதவுக்கு நேரே கேட். கேட்டுக்கு நேரே தெரு. சவப்பெட்டி நூல் பிடித்தாற்போல் வெளியே போகும். ஓர் இடத்தில்கூடச் சாய்க்க வேண்டாம். எழுபத்தொரு வயதில், நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட்டோடு இருக்கிற மனுஷனுக்கு வேறென்ன சொத்து வேண்டும்.

அவர் மனைவி அருள்செல்விக்குச் சாவைப் பற்றிக் கவலையில்லை, காலைப் பற்றித்தான். போன மழையில் ஏரி நிரம்பி மூன்று நாள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அவளோ சர்க்கரைக்காரி. பாதத்தில் சின்னக் கீறல்தான். தண்ணீர் வடிந்தது, கீறல் வடியவில்லை. இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் கணுக்காலோடு போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வானகரத்தில் மகள் ஜாஸ்லின் இருக்கும் அடுக்குமாடியிலேயே ஐந்தாவது மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது.

“மழைக்கு முன்னாடி போயிடலாங்க.”

“தரையை உயர்த்திடலாம் செல்வி.”

“போன தடவையும் உயர்த்தினோம். தண்ணியும் உயர்ந்துச்சு.”

லிஃப்ட் விஷயத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. என் பிணம் நேராகப் போகணும், உன் காலைப் பிறகு பார்க்கலாம் என்று எந்தப் புருஷன் சொல்வான். நாளைத் தள்ளத்தான் வழி தேடினார். ரோட்டோரம் செடி விற்கும் கன்னியப்பனிடம் போனார்.

“பூக்க ரொம்ப நாள் ஆவுற செடி எதுப்பா?”

“அல்லாரும் சீக்கிரம் பூக்குறது கேட்டுகினு வருவாங்க. நீ இன்னா நைனா, உல்டாவா கேக்குற?”

“சொல்லேன்.”

“செண்பகம் கீது. விதைக்கன்னு வெச்சா எட்டு வருசம். பத்துகூட ஆவும்.”

எழுபத்தொன்றோடு எட்டைக் கூட்டினார் ராயப்பன். ஸ்டென்ட் வைத்த டாக்டரே அவ்வளவு தூரம் கூட்டியதில்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்.

“சரி, போவோம். ஆனா இத்தனை வருஷம் வாழ்ந்த மண்ணு. கேட்டாண்ட ஒரு செடி வெப்போம். அது முதல் பூ விட்ட அன்னைக்கு மூட்டை கட்டிடலாம்.”

அருள்செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்போ மந்தாரை வெப்போம். இடுப்பு உசரத்துலயே வெள்ளை வெள்ளையா பூக்கும்.”

“மந்தாரைல வாசனை ஏது? செண்பகம் ஒண்ணு பூத்தா தெருக்கோடி வரைக்கும் தெரியும்.”

“மந்தாரை ஒரே வருஷத்துல பூத்துடுங்க.”

“ஒரு வருஷத்துல பூக்கறதுக்குப் பேர் பூ இல்ல, அவசரம்.”

“மந்தாரை இலையைத் தைச்சுச் சோறு போடலாம்.”

“செண்பகம் மரமா நின்னு நிழல் குடுக்கும்.”

“யாருக்கு? நாமதான் போயிடப் போறோமே.”

ராயப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவள் பேச்சு மாறிவிடக் கூடாதே என்று சாட்சிக்கும் ஏற்பாடு செய்தார். அந்த வியாழக்கிழமை அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் ஜெபமாலை முடித்துச் சுண்டலைக் கையில் வாங்கிய நேரம், ராயப்பன் எழுந்தார். “செண்பகம் பூக்கிற அன்னைக்கு வானகரம். அதுவரைக்கும் எங்க வீட்ல இந்தப் பேச்சு கிடையாது. நீங்கதான் சாட்சி.”

அன்பியத் தலைவர் ஜாக்சன் அதைக் கூட்ட நோட்டிலேயே எழுதிக்கொண்டார்.

அருள்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். “உங்க இஷ்டம். கன்னை மட்டும் நான் போய் வாங்கிட்டு வரேன்.”

பாவம், அந்த ஆசையாவது நடக்கட்டும் என்று ராயப்பன் பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தார்.

பிப்ரவரியில் நட்டார்கள். ஜூலையில் ஓர் இலை இடுக்கில் மொட்டு. ராயப்பனுக்கு ஸ்டென்ட் இரண்டும் ஒன்றோடொன்று இடித்தாற்போல் இருந்தது. கன்னியப்பனிடம் ஓடினார்.

“எட்டு வருசம்னியேப்பா?”

“அது விதைக்கன்னு நைனா. அக்கா வாங்கினது ஒட்டு. அதே வருசத்துல பூக்கும். அடித்தண்டுல முடிச்சு கீது பாரு.”

“நான் வந்து கேட்டதை அவகிட்ட சொன்னியா?”

“பின்ன, சொல்லாம? அக்கா சிரிச்சிகினே, அப்போ ஒட்டு குடுன்னுச்சு.”

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தார். முடிச்சு வெளியே தெரியாமல் மண் அணைத்திருந்தாள்.

பிறகென்ன, தினமும் விடிகாலையில் மொட்டுக் கிள்ளுவதே அவர் வேலையாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலைக்குள் ஒளிந்து நன்றாக முற்றியிருந்த மொட்டு ஒன்று கையில் அகப்பட்டது. கிள்ளினார். அதே நேரம் அருள்செல்வி வாளியோடு வாசலுக்கு வர, மொட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்படியே பூசைக்கும் போனார்.

சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. முன்வரிசை ஜாக்சன் திரும்பிக் கையைப் பிடித்தார். “சமாதானம், அண்ணே.” பிறகு மூக்கை உறிஞ்சினார். “இன்னா இது, செண்பக வாசனை?”

அன்பியமே திரும்பியது. பெண்கள் பக்கத்திலிருந்து அருள்செல்வி நொண்டி நொண்டி வந்தாள். அவர் பையில் இரண்டு விரலை விட்டாள். எடுத்தாள். உடம்புச் சூட்டில் இதழ் இதழாக விரிந்து, பொன்னாக இருந்தது.

“பூத்துடுச்சு அண்ணே” என்றார் சாட்சி.

அன்று மாலையே அட்டைப்பெட்டிகள் வந்தன. ராயப்பன் ஹாலின் நடுவில் உட்கார்ந்து கதவைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். அதற்கு மேல் தாங்கவில்லை.

“அஞ்சாவது மாடிலேருந்து என்னை நாற்காலில இறக்குவாங்க செல்வி.”

சொன்ன பிறகுதான், பெட்டிமேல் தூக்கி வைத்திருந்த அவளுடைய கட்டுப்போட்ட கால் கண்ணில் பட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியும்” என்றாள். “உலகநாதன் சம்சாரம் அப்பவே சொல்லிட்டாங்க. அதான் வீட்டை விக்கல, வாடகைக்கு விட்டிருக்கேன். உங்களுக்கு ஒண்ணுன்னா இங்கேயே கூட்டியாந்துடுவேன். ஹாலைக் காலி பண்ணிக் குடுக்கணும்னு அக்ரிமென்ட்லயே எழுதி வாங்கியாச்சு.”

ராயப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் இப்படியொரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கையை மெல்ல விடுவித்து, பெட்டிக்கு டேப் ஒட்டினாள்.

“பதினோரு மாச அக்ரிமென்ட்தான். அதுக்குள்ள பாத்துக்குங்க.”