காளான் இடத்தை நான் எல்லையில் சொல்லிவிட்டேன்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் கஸிமிர் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை ரெஹினாவின் கணவன் அமெல்யான் வில்னியஸிலிருந்து தலை தாழ்த்தி எழுதுவது.

இங்கே நானும் ரெஹினாவும் நம் பெண்ணும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும், தங்கள் பதினோரு தேனீப் பெட்டிகளும், கொம்பு உடைந்த பசுவும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை. கிளம்பும்போது தாங்கள் கொடுத்த மூன்று ஜாடி வெள்ளரிக்காய் ஊறலும் உடையாமல் வந்து சேர்ந்தன. இந்தக் கடிதம், எங்களோடு பஸ்ஸில் வந்து இப்போது மறுபடி ஊருக்கு வரும் ஸ்தாஸ்யா அக்காவின் காபிப் பொட்டலத்துக்குள் வருகிறது. எல்லையில் இப்போது காகிதத்தை யாரும் மதிப்பதில்லை, எல்லோருக்கும் போன்தான் வேண்டும். ஆனாலும் படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நம் பெண்ணின் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்பது ரெஹினாவின் உத்தரவு. அதனால் ‘நம் பெண்’ என்றே எழுதுகிறேன். நான் எழுதுவது நன்றிக் கடிதம் என்று ரெஹினா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் நினைப்பு தவறு.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் வீட்டில் பத்து நாள் உட்கார்ந்து, தாங்கள் சுட்டுப்போட்ட உருளைக்கிழங்கு அடையைத் தின்றுகொண்டே, ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன், திறந்த வாயில் இன்னொரு அடையைப் போட்டு மூடிவிடுவேன். “வாய்யா, காட்டுப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வருவோம்” என்று நீங்கள் கூப்பிட்டபோது முட்டி வலி என்றேன். என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. மச்சான், உங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் பாதிரியாருக்கும்கூடச் சொல்லாமல் காப்பாற்றிவந்த பரவீக் காளான் இடத்தை, எல்லையில் சீருடை போட்ட ஒரு மனிதரிடம் நான் சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்கவில்லை, வரைபடமும் போட்டுக்கொடுத்தேன். காளான் பருவம் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றுதான் இப்போதாவது எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என்னை எத்தனை சதவீதம் வெறுக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்ய முடியும். நாங்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நம் பெண் என் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் வேலை பார்க்கும் செய்தித் தளத்தின் பெயரைச் சொன்னாலே அங்கே குற்றம், அவள் நான்கு வருஷமாக ஊருக்கு வர முடியாமல் இருக்கிறாள், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். போனில் இருந்த அவள் கடிதங்கள், அவள் படங்கள், அவள் நண்பர்களின் எண்கள் எல்லாவற்றையும் வேறெங்கோ பத்திரப்படுத்திவிட்டு, போனை அடியோடு துடைத்து, கழுவி வைத்த பால்வாளி மாதிரி என்னிடம் நீட்டினாள். உடனே அவளே நெற்றியில் அடித்துக்கொண்டாள். “இது ரொம்பச் சுத்தமா இருக்கே அப்பா. அறுபத்தாறு வயசு மனுஷன் போன்ல ஒண்ணுமே இல்லன்னா அதுவே சந்தேகம்” என்று சொல்லி, என்னுடைய பழைய காளான் படங்கள் நானூறை உள்ளே ஏற்றினாள். ஒவ்வொரு படத்தோடும் எடுத்த இடம் ஒட்டிக்கொண்டிருக்குமாம், அதையும் விடாமல் சுரண்டி எடுத்தாள். முகத்தைக் காட்டினால் போன் திறக்கும் வசதியை நிறுத்தி, நீளமாக ஒரு கடவுச்சொல் வைத்தாள். பிறகு எனக்குப் பாடம் நடந்தது. எல்லை வருவதற்கு முன்பே போனை முழுதாக அணைத்துவிட வேண்டும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். பொய் மட்டும் சொல்லவே கூடாது. “பொய் சொன்னா உங்க காது சிவக்கும்ப்பா, தூரத்துலேர்ந்தே தெரியும்” என்றாள். ரெஹினாவுக்குப் பாடம் தேவைப்படவில்லை. அவளிடம் இருப்பது பொத்தான் போன், அதில் நேரம்கூடச் சரியாகத் தெரியாது.

பஸ் எல்லைக்கு முந்தின பெட்ரோல் பங்கில் நின்றது. டிரைவர் எழுந்து, “காபி, கழிப்பறை, போன்! இருபது நிமிஷம்தான்! அழிக்கிறதை எல்லாம் இங்கயே அழிச்சுக்கோங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க!” என்று அறிவித்தார். நாற்பது பேரும் தோட்டத்தில் களை எடுப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு அழித்தார்கள். ஸ்தாஸ்யா அக்கா தன் பிறந்தநாள் கேக் படத்தை என்னிடம் காட்டினாள். வெள்ளை க்ரீம், நடுவில் சிவப்புப் பழக்கூழ், மறுபடி வெள்ளை க்ரீம். வைத்திருந்தால் ஆளை உள்ளே தள்ளும் நம் நாட்டுப் பழைய கொடியின் அதே வரிசை. “வாயில போட்டுத் தின்னாச்சு, இனிமே படம் எதுக்கு” என்று பெருமூச்சு விட்டு அழித்தாள். எல்லோரும் அழித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் உங்கள் தங்கை புருஷன் நான் என்ன செய்தேன் தெரியுமா? சேர்த்தேன். கோட்டுப் பையில் இருந்த சின்ன மெமரி அட்டையில் ஒரே ஒரு படத்தை ரகசியமாக எடுத்து வந்திருந்தேன். நம் பெண்ணின் படம். வில்னியஸில் ஒரு மாடி முகப்பில் நின்று சிரிக்கிறாள், முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், பின்னால் காற்றில் படபடப்பது அந்தக் கேக்கின் வரிசைதான். நான்கு வருஷமாக நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்ற தாய்மாமன் நீங்கள். வெறுங்கையோடு உங்கள் முன்னால் வந்து நிற்க எனக்கு மனசு வரவில்லை. நானூறு காளானுக்கு நடுவில், நீலக் கைக்குட்டை போட்டு மூடிய கூடைப் படத்துக்கு அடுத்ததாக, அவளைச் சொருகினேன். ரெஹினாவிடம் சொல்லவில்லை.

எல்லையில் என்னை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். ரெஹினா பஸ்ஸிலேயே இருந்தாள். மேசைக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அதிகாரி, குரல் மட்டும் மிகவும் மரியாதையாக இருந்தது. “போனைத் திறங்க பெரியவரே” என்றார். கடவுச்சொல் நான் நிலம் அளந்த சர்வே காலத்து மூன்று குறிகற்களின் உயரம், கடல் மட்டத்திலிருந்து சென்டிமீட்டர் வரை, ஒன்றன்பின் ஒன்றாக. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போட்டேன், திறக்கவில்லை. மறுபடி போட்டேன், திறக்கவில்லை. “திறக்க மாட்டேங்குறீங்களா, திறக்கத் தெரியலையா?” என்றார். அப்புறம்தான் உறைத்தது. சதுப்பு நிலத்தை வடித்த பிறகு இரண்டாவது கல் நாலு சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டது, நான் திருத்திய உயரத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், நம் பெண் என் பழைய நோட்டைப் பார்த்து வைத்திருக்கிறாள். தவறு என்று தெரிந்த ஓர் உயரத்தை என் கையால் போட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. போன் திறந்தது.

கடிதம் எதுவும் இல்லை, செய்தி எதுவும் இல்லை. அவர் படங்களுக்குப் போனார். ஒரு காளான். இரண்டாவது காளான். பத்தாவது காளானில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “பரவீக்கா இது?” என்றார். ஆமாம் என்றேன். “இந்த சைஸுலயா? எங்க எடுத்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தார். இடம் இல்லை. அடுத்ததிலும் இல்லை. முகம் மாறியது. “ஒரு படத்துலயும் இடம் இல்லையே. வேணும்னே அழிச்சிருக்கீங்க. ஏன்?” பொய் சொல்லக் கூடாது, உண்மையையும் சொல்ல முடியாது. அப்போது என்னையும் அறியாமல் நம் ஊர்க்காரன் வாய் திறந்தது. “சார், காளான் இடத்தை யாராவது போன்ல வச்சிருப்பாங்களா?” என்றேன். அந்த மனிதர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “அது சரி! அது நியாயம்தான்! எங்க மாமனாரும் இப்படித்தான், பொண்ணைக் குடுத்தாரு, இடத்தைக் குடுக்கல. ஒவ்வொரு செப்டம்பரும் நான் காலிக் கூடையோட வர்றேன், அவரு வாசல்லயே நின்னு எல்லார் முன்னாடியும் எண்ணிப் பார்க்கறாரு” என்றார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் அவருக்கு ஆசை வந்துவிட்டது. பின்னால் என்ன மரம், எந்த வகைப் பாசி, வெயில் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனார். கட்டைவிரல் தள்ளத் தள்ள நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நத்தை கடித்த காளான். இரட்டைக் காளான். உங்கள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த பெரிய காளான். பிறகு நீலக் கைக்குட்டைக் கூடை. மச்சான், அந்தக் கட்டைவிரல் இன்னொரு தடவை அசைந்திருந்தால் நான் எப்போது வெளியே வந்திருப்பேனோ தெரியாது. அதைவிட, அவள் எந்தக் கட்டடத்தில் நின்று சிரிக்கிறாள் என்பது யார் யாருக்கோ தெரிந்திருக்கும். விரல் எழும்பியது. “இடத்தைச் சொல்லிடறேன் சார்!” என்று கத்தினேன். அறைக்கு வெளியே இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

போன் அப்படியே மேசைமேல் கவிழ்ந்தது. பேனாவும் காகிதமும் வந்தன. பட்டும் படாமலும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் காட்டுச் சாலையை வரைந்து, முதல் தீத்தடுப்புப் பாதையில் திரும்புவது போல ஒரு கோடு போட்டார். முப்பத்தொரு வருஷம் நிலம் அளந்தவன் முன்னால் ஒரு தவறான கோடு! “அது ரெண்டாவது பாதை சார்” என்றேன். பிறகு ஓடையைக் கிழக்கே போட்டார். பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். வளைந்த பைன் மரம், அங்கிருந்து வடமேற்கே அறுபது தப்படி, வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரக் கூட்டம், அதற்குள் பாசி மேடு, எல்லாவற்றையும் அளவோடு போட்டு, வடக்குத் திசைக்கு அம்புக்குறியும் வைத்துக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போனை எடுத்துத் தானே அணைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். “நல்லா இருங்க பெரியவரே. இந்த வருஷம் எங்க மாமனார் எண்ணிக்கிட்டே இருக்கட்டும்” என்றார்.

பஸ்ஸில் ஏறினேன். ரெஹினா என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன கேட்டானுங்க? ஏன் இவ்வளவு நேரம்?” என்றாள். “காளானைப் பத்திப் பேசிட்டிருந்தோம்” என்றேன். பொய் இல்லை, காதும் சிவக்கவில்லை. உங்கள் ஊர் வரைக்கும் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

அன்று உங்கள் சமையலறையில் அந்தப் படத்தைக் காட்டினேன் அல்லவா? கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தீர்கள். “முடியை ஏண்டி இப்படி வெட்டிக்கிட்ட” என்று போனையே திட்டினீர்கள். வில்னியஸுக்குக் கிளம்பும் அன்று உங்கள் முன்னாலேயே நான் அதை அழிக்கப் போனபோது, “இரு, இன்னும் ஒரு தடவை” என்றீர்கள். அப்புறமும் ஒரு தடவை. அப்படிப் பார்த்த மனிதரிடம் அதன் விலை உங்கள் காளான் காடு என்று எப்படிச் சொல்வேன்? இப்போது சொல்லிவிட்டேன். நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: அதே அறையில் அதே விரல் மறுபடி எழும்பினால் மறுபடியும் சொல்வேன், அம்புக்குறியோடு சேர்த்துத்தான். நம் பெண் தினமும் காலையில் காபிக் கோப்பையோடு எதிரில் வந்து உட்காரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு லேசாகிறது.

தங்கள் தேன் பெருகட்டும், பசு சினை பிடிக்கட்டும், இந்த வருஷப் பனி தங்கள் இடுப்பைத் தொடாமல் போகட்டும். வெட்கத்தோடும் அன்போடும்,

தங்கள்
அமெல்யான்

பின்குறிப்பு: உறை எங்கே இருக்கிறது என்று ரெஹினாவிடம் கேட்கப்போய் மாட்டிக்கொண்டேன். கடிதத்தைப் பிடுங்கி, அடுப்படியில் நின்றபடியே படித்தாள். படத்தைச் சொருகிய இடம் வந்ததும் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள், இன்னும் வலிக்கிறது. மேலே படித்தாள். வரைபடம் வந்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “எந்த இடம்? ரெண்டாவது பாதை, வளைஞ்ச பைன் மரமா?” என்றாள். ஆமாம் என்று தலை குனிந்தேன். அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்து, சமையல் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “அட மனுஷா! அது மருமகன்களுக்குக் காட்டற இடம்! எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதான் வழக்கம். வீட்டுக்குள்ள வர்றவன் என்னிக்காவது எவன்கிட்டயாவது உளறிட்டா என்ன பண்றதுன்னு அவரு ஒதுக்கி வச்ச இடம். அசல் இடம் அது இல்லவே இல்ல!”

ஆக மச்சான், மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முப்பத்து நான்கு வருஷம், முப்பத்து நான்கு செப்டம்பர், நீங்கள் என்னைத் தோளில் கைபோட்டு அந்தப் பாசி மேட்டுக்குக் கூட்டிப்போய், “யார்கிட்டயும் சொல்லிடாத” என்று காதில் சொல்லியிருக்கிறீர்கள். கோபம் வர வேண்டும், ஆனால் நெஞ்சில் இருந்த கல் இறங்கியதில் கோபத்துக்கு இடமே கிடைக்கவில்லை. அந்த இடத்திலேயே வருஷத்துக்கு மூன்று கூடை எடுத்தேனே, அப்படியானால் அசல் இடம் எப்படி இருக்கும் என்று ரெஹினாவைக் கேட்டேன். “இத்தனை நடந்ததுக்கு அப்புறம் உங்களுக்குச் சொல்லலாம், தப்பில்ல” என்று சொல்ல வாயெடுத்தாள். நான்தான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். செப்டம்பரில் மறுபடி அதே பஸ்ஸில்தானே வர வேண்டும்!