ஏழாம் கட்டத்தில் இரண்டு எழுத்து

சேர்க்கையார் வீட்டு மாடிப்படியில் விடிந்ததிலிருந்தே கூட்டம். கீழ்ப்படியில் நிற்பவர் மேல்படிக்கு வருவதற்குள் அவருக்குத் தசையே மாறிவிடும் என்பார்கள். மற்ற ஜோசியர்கள் கிரகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இவருக்குச் சில்லறை வியாபாரம் பிடிக்காது. ஒரே கட்டத்தில் இரண்டு கிரகம் சேர்ந்து உட்கார்ந்தால்தான் கண்ணையே திறப்பார். பெயரும் அப்படி வந்ததுதான். ஒருவரிடம், "உமக்கு இன்னைக்குச் சறுக்கல் இருக்கு" என்றாராம். அவர் திரும்பி இறங்கும்போதே படியில் சறுக்கி விழுந்தார். அன்று படியைச் சோப்பு போட்டுக் கழுவியது யார் என்று யாரும் கேட்கவில்லை. வாக்கு பலித்ததா இல்லையா, அதுதானே முக்கியம்.

அந்த வரிசையில் சடன் பிரேக்கும் நின்றார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்திவிட்டு, வேறு வண்டி ஏதாவது வந்து அந்தத் தோஷத்தை ஏற்றிக்கொண்டு போகும்வரை நகர மாட்டார். பெயர் வைத்தது பயணிகள். மகளுக்கு வரன் பார்க்கலாமா என்று கேட்க வந்திருந்தார். மேசை டிராயரில் துழாவி எடுத்த ஜாதகம் கையில் இருந்தது. கண்ணாடியை மட்டும் மறந்துவிட்டார்.

சேர்க்கையார் காகிதத்தைப் பார்த்தார். மூச்சை இழுத்தார். விடவில்லை.

"பொண்ணு என்ன வேலை பாக்குது?"

"எரிஞ்ச மோட்டாருக்குக் கம்பி சுத்துதுங்க. பின்கட்டுல சொந்தமா கொட்டகை."

"சரியாப் போச்சு. 'ல'ன்னு இருக்கறது லக்னம். அதுக்கு ஏழாம் கட்டத்துல 'செ'யும் 'ச'வும். செவ்வாயும் சனியும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. செவ்வாய்க்குச் செம்பு, சனிக்கு இரும்பு. மோட்டார்னா என்னய்யா? இரும்புக்குள்ள செம்பு. உம்ம பொண்ணு தினமும் ரெண்டையும் சேத்துச் சேத்து வச்சுக்கிட்டிருக்கா. வர்ற மாப்பிள்ளை உருப்படியா நடமாடணுமா வேணாமா?"

சடன் பிரேக்குக்கு நெஞ்சு நின்று கிளம்பியது.

"பரிகாரம் இருக்கா சாமி?"

"கொட்டகையை மூடணும். மிஷின், மோட்டார், கம்பி, ஒண்ணு விடாம நம்ம மடத்துக்குத் தானம். வேன் நாங்களே அனுப்புறோம். உமக்கு எதுக்கு அலைச்சல்?"

கருணை என்றால் இதுவல்லவா.

வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னார். மகள் கம்பி சுற்றுவதை நிறுத்தினாள்.

"அப்பா, இந்தக் கொட்டகைதான் நம்மளுக்குச் சோறு. தெரியும்ல?"

"தெரியும்மா. ஆனா ஜாதகம் அப்படிச் சொல்லுதே."

"எங்க, காட்டுங்க."

காட்டினார். மகள் அதை வெகுநேரம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாவம், அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தார் சடன் பிரேக்.

"வேன் வரட்டும்பா. முதல்ல ஒரே ஒரு சாமான் ஏத்துவோம். நானும் கூட வர்றேன். சாமியை நேர்ல பாக்கணும்."

இவ்வளவு அடக்கமான பெண்ணா! அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் வேன் வந்தது. பக்கவாட்டில் மடத்தின் பெயர், ஈரம் காயாத பெயிண்டில். அதற்கடியில் 'பழைய இரும்பு, செம்பு வாங்கப்படும்' என்ற பழைய எழுத்து எட்டிப் பார்த்தது. ஓட்டி வந்தவர் சேர்க்கையாரின் மச்சான். மகள் கோணி போர்த்திய ஏதோ ஒன்றை ஏற்றச் சொன்னாள். மச்சான் அதன் ஒரு முனையைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று முகம் சுளித்தார்.

மாடியில் கூட்டம் நெரிந்தது. மகள் காகிதத்தை நீட்டினாள்.

"சாமி, கொட்டகையை ஒரேடியா மூடறதுக்கு முன்னாடி, இன்னொரு தடவை எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. இந்த ஜாதகருக்குக் குணம் எப்படி?"

சேர்க்கையார் குரலை உயர்த்தினார். "ரெண்டாம் கட்டத்துல 'சு', சுக்கிரன். வாக்கு ஸ்தானம். பேச்சு பூ மாதிரி இருக்கும். ஒருத்தர் மனசு நோக ஒரு வார்த்தை வராது."

"'கு'ன்னு இருக்கே?"

"குரு. யாரையும் கடிஞ்சு பேசத் தெரியாத சாது."

"நடுவுல 'மீ'ன்னு போட்டிருக்கு சாமி."

"மீன ராசி. இது கூடவா தெரியல?"

"அப்ப ஏழாம் கட்டம்?"

"அதான் சொன்னேனே. செவ்வாய், சனி. கட்டிக்கறவன் கதை முடிஞ்சுது."

கூட்டம் உச்சுக் கொட்டியது. மகள் மாடிப்படிப் பக்கம் திரும்பி, "அண்ணே, ஜாதகரைத் தூக்கிட்டு வாங்க" என்றாள்.

மச்சானும் இன்னொருவரும் தூக்கி வந்து வைத்தார்கள். மகள் கோணியை உருவினாள். மரத்தட்டு. சுற்றிலும் பன்னிரண்டு அறை, நடுவில் ஒரு குழி. ஒவ்வொன்றிலும் சாமான், நெற்றியில் எழுத்து.

"எங்கப்பா எடுத்துட்டு வந்தது என் ஜாதகம் இல்ல. தச்சருக்கு நான் போட்டுக் குடுத்த படம். இதான் நீங்க சொன்ன பூ மாதிரி பேச்சு" என்று 'சு' அறையிலிருந்து சுத்தியலை எடுத்துத் தரையில் வைத்தாள். தரை அதிர்ந்தது. "கடிக்கத் தெரியாத சாது, குறடு. லக்னம், ஓட்டை அடைக்கிற லப்பம். நடு மீனம், மீட்டர். ஏழாம் அறையில கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது செம்புக் கம்பியும், அதைக் கட்டி வைக்கிற சணலும்."

ஒருவர் காகிதத்தை வாங்கித் தட்டோடு ஒத்துப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. மனிதர்களுக்கு இப்படிப் பொருத்தம் அமைவது அபூர்வம்.

"மரத்துக்கும் கிரகம் உண்டு..." என்று இழுத்தார் சேர்க்கையார்.

"இருக்கட்டும் சாமி. மரத்துக்கு எந்த ஊர்ல மாப்பிள்ளை பாப்பாங்க?"

முதலில் சிரித்தது சடன் பிரேக். அப்புறம் மாடி முழுக்கச் சிரித்தது. சேர்க்கையார் பின்வாசல் படி வழியாக இறங்கினார். சறுக்கிய சத்தம் கேட்டது. தனக்கு அன்று சறுக்கல் இருப்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திரும்பும் வழியில் சடன் பிரேக் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப உன் நிஜ ஜாதகம் எங்கம்மா?"

"நல்ல கெட்டிக் காகிதம்பா. போன மாசமே மடிச்சு ஒரு மோட்டாருக்குள்ள சொருகிட்டேன். ஷாக் அடிக்காம காப்பாத்துது."

அவர் சிரிக்கப் போகும்போது பின்னாலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்து தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தாயி, சாமியையே துரத்தின தட்டாச்சே இது. எனக்கும் ஒரு பலன் சொல்லச் சொல்லேன்."

பன்னிரண்டு கட்டத்தையும் கவலையோடு பார்க்கிறோம். கழுத்துக்கு மேலே பதின்மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைக் காலியாக வைத்திருந்தால் எந்தச் சனியும் வந்து உட்காரத்தான் செய்யும்.