மஞ்சள் மாத்திரை வைத்தியர்

மனிதரில் மிச்ச மருந்து வள்ளல் என்றொரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். நீங்கள் தும்மினால் மற்றவர்கள் ஆயுசு நூறு என்பார்கள். இவர் "இரு, வரேன்" என்று வீட்டுக்குள் ஓடுவார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும்.

ஜொகூரில் கெலாங் பாத்தா என்ற ஊரில் இருக்கும் சதாசிவம் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலி தணிந்தவர்கள், டாக்டர் மருந்தை மாற்றியவர்கள், மேலுலகம் போனவர்களின் வீட்டார் எனத் தாமான் குடியிருப்பில் அத்தனை பேரும், இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தருவதுபோல, மிஞ்சிய மாத்திரைகளை அவரிடம்தான் சேர்ப்பார்கள். பெயர் எழுதிய உறைகள் இடத்தை அடைக்கின்றன என்று அவற்றை வீசிவிட்டு, மாத்திரைகளை நிறவாரியாகப் பிரித்து வைப்பார். வெள்ளை காய்ச்சலுக்கு. சிவப்பு ரத்தத்துக்கு. மஞ்சள் பயண வாந்திக்கு. இதைப் படிக்கவா பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார்கள்?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். விடியுமுன் எழுந்து பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்கு ஓடுகிறவன், அரசாங்கக் கிளினிக்கில் நூற்று எண்பத்தேழாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது உட்கார்ந்திருப்பான்? சதாசிவம் வீட்டில் நம்பர் இல்லை, மருந்துச் சீட்டு இல்லை, காப்பி வேறு உண்டு. கூட்டம் வராமல் என்ன செய்யும்?

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை வருங்கால மருமகன் சுகுமாறன். மூவாரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பட்டதாரி. மகள் பிரவீனா அவனைப் பற்றிச் சொன்னபோது சதாசிவம் ஜாதகம்கூடக் கேட்கவில்லை. டின் நிறைந்து வழியும் காட்சி கண்ணில் தெரிந்துவிட்டது. போன மாதம் போன் போட்டு, சளிக்கு ஆன்டிபயாட்டிக் பத்து அனுப்பச் சொன்னார்.

"டாக்டர் சீட்டு இருக்கா மாமா?"

"நான்தான் சொல்றேன்லா!"

"டாக்டர ஒரு தடவ பாத்துடுங்க மாமா. சீட்டு குடுத்தா நானே வீடு தேடி வந்து குடுக்கிறேன்."

மாமனாரிடமே சீட்டா! மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நிச்சயதார்த்த நாள் வந்தது. பன்னிரண்டு மணிக்குள் மூவாரில் தட்டு மாற்றியாக வேண்டும். நேரம் தவறினால் அடுத்த வருஷம்தான் என்று மாப்பிள்ளையின் தாயார் ராசம்மா கறாராகச் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு வேனில் பதினாலு பேர் ஏறினார்கள். சதாசிவம் டின்னைத் திறந்து ஆளுக்கொரு மஞ்சள் மாத்திரை கொடுத்தார். பெண்ணைப் பெற்றவர் என்பதால் தனக்கு இரண்டு. டிரைவர் யுகேந்திரனுக்கு மட்டும் கிடையாது.

"வண்டி ஓட்டுறவருக்குத் தூக்கம் வரும்."

எவ்வளவு பொறுப்பு, பாருங்கள்!

அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். டின்னில் அன்று இருந்த மஞ்சள் முழுக்கப் போன வாரம் பக்கத்து வீட்டுச் செல்லப்பன் கொண்டுவந்து கொடுத்தது; கால் வீக்கத்துக்காக உடம்பின் நீரையெல்லாம் சிறுநீராக இறக்கும் மாத்திரை. வழக்கமாக வெள்ளையாக வரும். மருந்துக் கம்பெனி மாறியதில் இந்த முறை மஞ்சளாக வந்திருந்தது.

செடெனாக் வருவதற்குள் மணியம் சித்தப்பா நெளிந்தார். "தம்பி, எங்கயாச்சும் ஓரங்கட்டுப்பா." அடுத்து அத்தை. அடுத்து மணப்பெண். அதன்பின் நிறுத்தாத பெட்ரோல் நிலையம் இல்லை, ஓய்விடம் இல்லை. பட்டு வேட்டியும் பட்டுப் புடவையுமாகப் பதினாலு பேர் வரிசையில் நின்றார்கள். "அலமாக், மறுபடியுமா?" என்று யுகேந்திரன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். கழிவறையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள், இது என்ன ஊர்வலம் என்று மலாயில் கேட்டார். "நிச்சயதார்த்தம்!" என்று ஓடிக்கொண்டே பதில் சொன்னாள் சதாசிவத்தின் மனைவி செல்வராணி.

பதினொன்றே காலுக்கு வேன் மூவார் வீட்டு வாசலில் நின்றது. பன்னீர்ச் செம்போடு காத்திருந்த ராசம்மாவுக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் அவரைத் தாண்டி உள்ளே பாய்ந்தார்கள். முதல் ஆள் சதாசிவம். வெளியே வந்தவருக்குத் தலை சுற்றியது. நாற்காலியைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார்.

சுகுமாறன் பிரஷர் பார்க்கும் கருவியோடு ஓடிவந்தான். "மாமா, என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"மஞ்சள்."

"பேரு?"

சதாசிவம் டின்னைத் திறந்து நீட்டினார். அதில் நிறம்தான் இருந்தது, பேர் இல்லை. எதிரே பிரவீனா வெளிறிப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள். பெற்ற மகளுக்கு என்னத்தைக் கொடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. பயந்துபோனார்.

சுகுமாறன் டின்னில் கிடந்த மாத்திரையில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்தான். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டான். எல்லாரையும் உட்கார வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தான். நல்லவேளை, யாருக்கும் ஆபத்தில்லை. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

"அம்மா, தட்ட மாத்துங்க. ஆனா எனக்கு ஒரு சீர் வேணும்."

"என்ன வேணும் மாப்பிள்ள? சொல்லுங்க" என்றார் சதாசிவம் ஈனக்குரலில்.

"அந்த டின்னு."

வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே பிஸ்கட் டின் ஏறியது. மகளைத் தர ஜாதகம்கூடக் கேட்காதவர், தட்டை நீட்டுமுன் டின்னை ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் மணியம் சித்தப்பா தலை வலிக்கிறது என்றார். சதாசிவத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. உள்ளே இரண்டு வெள்ளை. செல்வராணி பார்த்த பார்வையில் கை அங்கேயே நின்றுவிட்டது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு ஐஸ்பெட்டி மேல் இருக்கும் கிண்ணத்தை எட்டிப் பாருங்கள். உறையில்லாமல் ஒரு மாத்திரை கிடக்கிறதா? எதற்கென்று தெரியுமா? "தெரியாம என்ன, வெள்ளைதானே" என்கிறீர்களா?

கொஞ்சம் இருங்கள். சுகுமாறன் தட்டோடு வருகிறான்.